வகைக்கு அடுத்து நிற்கும் சொல்

'நவுன் இஸ் ஃபைவ் டைப்ஸ்.' ஆங்கில விடைத்தாள் திருத்துகிற யாரும் இந்த வாக்கியத்தைச் சந்திக்காமல் ஒரு பருவத்தை முடிக்க முடியாது. இதை எழுதுவது பாடம் படிக்காத பிள்ளை அல்ல, நன்றாகப் படித்த பிள்ளைதான். முந்தைய பீரியடில் தமிழ் ஐயா 'சொல் நான்கு வகைப்படும்' என்று நடத்தியிருப்பார். 'எழுத்து இரண்டு வகைப்படும்', 'வினா ஆறு வகைப்படும்' என்று வகுப்பே சேர்ந்து ஒப்பித்திருக்கும். அந்த ஓசை காதில் இருக்கும்போதே ஆங்கில நோட்டைத் திறந்தால், நவுனும் ஐந்து வகைப்பட்டுவிடுகிறது.

இந்த வாக்கியத்தில் சிவப்பு மை வழக்கமாக மூன்று இடத்தில் விழும். 'இஸ்' அடிபடும். விட்டுப்போன 'ஆஃப்' மேலே செருகப்படும். 'நவுன்' என்ற சொல்லின் வாலில் ஒரு 'எஸ்' ஏறும். முதல் இரண்டும் நியாயமான திருத்தம். 'தேர் ஆர் ஃபைவ் கைண்ட்ஸ் ஆஃப்' என்று முதலில் வகையை எண்ணிக் காட்டிவிட்டுப் பெயருக்கு வருவதுதான் ஆங்கிலத்தின் நடை. மூன்றாவது திருத்தம், அந்த 'எஸ்', தேவையில்லை. 'ஃபைவ் கைண்ட்ஸ் ஆஃப் நவுன்' நல்ல ஆங்கிலம். 'ஃபைவ் கைண்ட்ஸ் ஆஃப் நவுன்ஸ்' என்பதும் நல்ல ஆங்கிலம்தான். ஒன்றை அடித்து இன்னொன்றை எழுதுவதற்கு மொழியில் எந்த ஆதாரமும் இல்லை. இது சின்ன விஷயம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு குழந்தை சரியாக எழுதியதன்மேல் சிவப்புக் கோடு விழுவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கோடு அதன் காதை அதுவே நம்பாமல் செய்துவிடும்.

நான் டியூஷன் எடுப்பது கோட்டக்குப்பத்தில். புதுச்சேரியின் வடக்கு ஓரத்தில் முத்தியால்பேட்டையைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சி ஆனது. மஃரிப் தொழுகை முடிந்த பிறகு ஒரு கூட்டம் வரும், அதற்கு முன்பே கடற்கரைக் குப்பங்களிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து பாயில் இடம் பிடித்திருக்கும். எல்லை இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் பாதிப் பிள்ளைகள் தமிழ்நாட்டுச் சமச்சீர் புத்தகத்தோடும், மீதிப் பேர் புதுச்சேரிப் பள்ளிகளின் மத்திய வாரியப் புத்தகத்தோடும் வருவார்கள். இவர்களோடு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பெரியவர்கள் சிலர், வளைகுடாவில் வேலைக்கு நேர்காணல் வைத்திருக்கிற இளைஞர்கள் சிலர். ஒரே கூரையின் கீழ் இத்தனை தினுசான தேவை இருப்பதால் ஓர் இலக்கணக் கேள்வி எழுந்தால் அது நான்கு திசையிலிருந்தும் இழுபடும். 'கைண்ட் ஆஃப்', 'டைப் ஆஃப்', 'சார்ட் ஆஃப்' மூன்றுக்கும் பின்னால் ஒருமையா பன்மையா என்பது அப்படி அடிக்கடி இழுபடுகிற கேள்வி.

பன்மை போட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்ற தவறில்தான் போய் நிற்கிறது. அதை நம் ஊரில் எல்லோருமே எழுதுவார்கள், பேசுவார்கள். அதைத் திருத்தப் பள்ளிகளில் ஒரு குறுக்குவழி உண்டு: 'ஆஃப் வந்தா பின்னாடி எஸ் போடு.' 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்' என்பதற்கு அது சரியாகப் பொருந்தும். நண்பர்கள் பலர் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் காட்டுகிறோம், அதனால் பலரைச் சொல்லாமல் ஒருவரை எடுக்க முடியாது. ஆனால் 'கைண்ட் ஆஃப்' என்பதில் வரும் 'ஆஃப்' அந்த வேலையைச் செய்யவில்லை. அங்கே கூட்டமும் இல்லை, கூட்டத்திலிருந்து எடுப்பதும் இல்லை. ஒரு பெயரை எடுத்து அதன் வகையைச் சொல்கிறோம், அவ்வளவுதான். உருவத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு 'ஆஃப்'களுக்கு ஒரே விதியைப் போட்டதில்தான் குழப்பம்.

கூடவே புத்தகத்தின் செல்வாக்கும் இருக்கிறது. 1930-களில் எழுதப்பட்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் பெயர்ச்சொல் அத்தியாயத்தின் தலைப்பே 'கைண்ட்ஸ் ஆஃப் நவுன்ஸ்' என்று பன்மையில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் அந்தத் தலைப்பைப் பார்த்துப் படித்தவர்கள். அந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இன்றும் அதிலிருந்துதான் பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் ஒரு புத்தகம் இரண்டு வழக்கில் ஒன்றைத் தலைப்பாக வைத்ததால் மற்றது பிழை ஆகிவிடாது.

இதை நான் சொல்லிப் புரியவைத்ததைவிட ஒரு பெண் குழந்தை சொல்லிப் புரியவைத்தது தெளிவாக இருந்தது. ஏழாம் வகுப்பு. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். காலையில் கரைக்கு என்ன வந்தது என்று நாலு வரி எழுதச் சொல்லியிருந்தேன். 'த்ரீ கைண்ட்ஸ் ஆஃப் ஃபிஷ் கேம் டுடே' என்று தொடங்கி, சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று வரிசையாக எழுதியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எட்டிப் பார்த்து, "மூணு இருக்குல்ல, ஃபிஷஸ்னு போடணும்" என்றான். அவள் பென்சிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்து, "மீனு மூணு இல்லடா, வகை மூணு. நெத்திலி மட்டுமே கூடை கூடையா வந்துச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், மூணுங்கிறது வகைக்குத்தானே சார்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் முழு இலக்கணமும் இருக்கிறது. மூன்று என்ற எண் வகையோடு ஒட்டுகிறது, மீனோடு அல்ல. 'கைண்ட்ஸ்' என்பதில் 'எஸ்' வந்துவிட்டது, எண்ணிக்கையின் கணக்கு அங்கேயே தீர்ந்தது. அதற்குப் பின்னால் வரும் பெயர் எதைப் பிரித்தோம் என்று சொல்ல மட்டுமே நிற்கிறது. மீன் என்ற ஒன்றை மூன்றாகப் பிரித்தோம். அதனால் அந்தப் பெயர் எண்ணிக்கையைத் தாங்க வேண்டிய கட்டாயமே இல்லை.

அதே சமயம் அந்தப் பையனையும் நான் விட்டுவிடவில்லை. 'ஃபிஷஸ்' என்ற சொல் எங்கே உயிரோடு இருக்கிறது என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய நூலின் பெயர் 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'. இந்தியக் கடல்களிலும் ஆறு, குளங்களிலும் உள்ள மீனினங்களைப் படத்தோடு விவரிக்கும் நூல் அது. அங்கே 'ஃபிஷஸ்' என்பது தலை எண்ணுகிற பன்மை அல்ல, இனம் எண்ணுகிற பன்மை. ஒரு கூடையில் நூறு நெத்திலி கிடந்தாலும் மீன் ஆய்வாளருக்கு அது ஓர் இனம். அதாவது 'த்ரீ ஃபிஷ்' என்றால் கையில் மூன்று மீன். 'த்ரீ ஃபிஷஸ்' என்று ஆய்வாளர் சொன்னால் மூன்று இனம். 'கைண்ட்ஸ் ஆஃப்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அந்த 'எஸ்' செய்ய வேண்டிய வேலையை வகைச்சொல்லே செய்துவிடுகிறது. பையன் இதைக் கேட்டுவிட்டு அவளுடைய நோட்டில் கை வைக்கவில்லை.

மீன் என்பதால் ஒருமை இவ்வளவு இயல்பாக வருகிறது என்று சிலர் சொல்வார்கள், அது உண்மைதான். 'ஃபிஷ்' ஏற்கெனவே ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே உருவம். மரத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் கொஞ்சம் நுட்பமாகிறது. எங்களுக்கு மேற்கே ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியபோது மழை அரித்த செம்மண் மேடாக இருந்த இடம், இன்று காடு. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போய்த் திரும்பிய பிறகு எழுதச் சொன்னால் ஒருவன் 'மெனி கைண்ட்ஸ் ஆஃப் ட்ரீஸ்' என்பான், இன்னொருத்தி 'மெனி கைண்ட்ஸ் ஆஃப் ட்ரீ' என்பாள். இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டும் ஒரே பார்வை அல்ல. பன்மை போட்டவன் கண்ணில் காடு நிற்கிறது, அங்கே நின்ற மரங்கள் அத்தனையும் வரிசையாகத் தெரிகின்றன. ஒருமை போட்டவள் மரம் என்ற கருத்தை வைத்துக்கொண்டு அது எத்தனை விதமாகப் பிரிகிறது என்று சொல்கிறாள். பாடநூல், அறிவியல் நூல், அகராதி இவற்றில் ஒருமை பொருத்தமாக உட்காரும். பயணக் கட்டுரையிலும் கதையிலும் பன்மை கூடுதலாக வரும். பிரிட்டிஷ் எழுத்தில் ஒருமை தாராளமாகவே புழங்கும். எங்கே எது என்று தேர்ந்தெடுக்கிற காது வரவேண்டும் என்பதுதான் என் ஆசை, விதி மனப்பாடமாக வேண்டும் என்பதல்ல.

தேர்வுக்கே இடமில்லாத இடமும் உண்டு, அதில் நான் கறாராக இருப்பேன். அரிசி, தண்ணீர், அறைகலன் போன்றவை. 'டூ கைண்ட்ஸ் ஆஃப் ரைஸ்' மட்டும்தான். ரேஷன் அரிசியும் பொன்னியும் வைத்திருக்கிற கடையிலும் 'ரைசஸ்' கிடையாது. 'ஆல் கைண்ட்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர்ஸ்' என்று ஈசிஆர் சாலையில் கடைப்பலகைகளில் படித்துப் படித்தே பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். 'எஸ் போடு' விதி இங்கேதான் நேரடியாகக் கெடுதல் செய்கிறது. 'ஆஃப்' கண்டதும் 'எஸ்' போடப் பழகிய கை, 'டைப்ஸ் ஆஃப் எக்விப்மென்ட்ஸ்', 'சோர்சஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்ஸ்' என்று போய்க்கொண்டே இருக்கும்.

சிவப்பு மை உண்மையாகவே தேவைப்படும் இடம் இன்னொன்று இருக்கிறது. பெயரில் அல்ல, வினையில். நம் கரையில் 'மூணு வகை மீன் வந்திருக்கு' என்போம். வினை ஒருமை. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் 'த்ரீ கைண்ட்ஸ் ஆஃப் ஃபிஷ் வாஸ் சோல்ட்' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் எழுவாய் 'கைண்ட்ஸ்', அதனால் 'வேர்'. 'திஸ் கைண்ட் ஆஃப் ஃபிஷ்' என்றால் 'இஸ்', 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் ஃபிஷ்' என்றால் 'ஆர்'. நடுவில் நிற்கும் மீன் எந்தப் பக்கமும் சாயாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், வாக்கியம் நிமிர்ந்துவிடும். 'நவுன்' வாலில் ஏற்றும் 'எஸ்'ஸுக்குச் செலவிடும் மையை இங்கே செலவிட்டால் பிள்ளைகள் எவ்வளவோ முன்னேறுவார்கள்.

இனி 'தீஸ் கைண்ட் ஆஃப் திங்ஸ்'. பன்மைச் சுட்டு, ஒருமை வகை, பன்மைப் பெயர். போட்டித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் இது ஓயாமல் வரும், விடை எப்போதும் 'பிழை' என்றே இருக்கும். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்களிடம் நானும் 'திஸ் கைண்ட் ஆஃப் திங்' அல்லது 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் திங்ஸ்' இரண்டில் ஒன்றை எழுதுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு மதிப்பெண் வேண்டும். ஆனால் பாடம் முடிந்து ஐந்து நிமிடம் இருந்தால் அந்தப் 'பிழை'யின் வரலாற்றையும் சொல்வேன், ஏனென்றால் அது நமக்கு மிக நெருக்கமான வரலாறு.

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்திலேயே இந்த வழக்கு இருக்கிறது. 1926-இல் ஆங்கில வழக்குச்சொல் அகராதி எழுதிய ஃபௌலர்கூட, அச்சில் இதைத் தவிர்க்கச் சொன்னாரே தவிர, அவசரப் பேச்சில் வந்தால் மன்னித்துவிடலாம் என்றுதான் கருதினார். ஏன் இது இவ்வளவு காலம் சாகாமல் இருக்கிறது? பழைய ஆங்கிலத்தில் வகைச்சொல் பெயருக்கு முன்னால், வேற்றுமை உருபோடு, அடையாக நின்றது. 'எல்லா வகையினதாகிய விலங்கு' என்கிற மாதிரி ஓர் அமைப்பு. தலைமைச் சொல் விலங்குதான், வகை அதற்கு அடைமொழி. பின்னால் உருபுகள் தேய்ந்து, இடையில் 'ஆஃப்' வந்து, வகைச்சொல் தலைமைச் சொல்லாக மாறியது. ஆனால் பேசுகிறவர்களின் மனதில் பழைய அமைப்பு முழுசாகப் போகவில்லை. 'தீஸ்' என்று அவர்கள் சுட்டுவது வகையை அல்ல, பொருட்களை. 'கைண்ட் ஆஃப்' நடுவில் ஓர் அடைமொழி போலக் கிடக்கிறது.

'இந்த மாதிரி சாமான்', 'அந்த வகை மீன்', 'எல்லாத் தினுசுத் துணியும்'. நாம் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். சுட்டோ எண்ணோ முதலில், வகை அடுத்து, பெயர் கடைசியில், நடுவில் எந்த ஒட்டும் இல்லை. பழைய ஆங்கிலம் நின்ற இடத்தில் நம் மொழி இன்றைக்கும் நிற்கிறது. இதை முதலில் யோசித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பிள்ளைகளுக்கு எப்படியாவது கடத்திவிட வேண்டும் என்று இன்னமும் முயற்சி செய்கிறேன்.

நம் இலக்கணக்காரர்கள் இதன் மறுபாதியை எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும், அது எது என்பதை வினை காட்டும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்கிறது. மாடு வந்தது, மாடு வந்தன. நன்னூலார் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே பெயர் வைத்தார். 'கள்' விகுதி தொல்காப்பியத்திலேயே உண்டு, ஆனால் அஃறிணையில் அது கட்டாயம் இல்லை. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் இம்மொழிகளின் அஃறிணைப் பெயர்கள் பன்மை உருபை அதிகம் நாடுவதில்லை என்பதைக் கவனித்துப் பதிவு செய்தார். பத்து மாடு, நாலு தேங்காய், அஞ்சு ரூபாய். எண் ஏற்கெனவே சொல்லப்பட்ட இடத்தில் பெயரைத் தொந்தரவு செய்யாத மொழி நம்முடையது.

உயர்திணையில் கதை வேறு. 'மூணு வகை மாணவன்' என்று யாரும் சொல்வதில்லை. மாணவர், மாணவர்கள் என்றுதான் வரும். நன்னூல் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று தரம் பிரிக்கும்போதும் மாணாக்கர் என்ற பலர்பால் சொல்லைத்தான் ஆள்கிறது. இந்தத் திணை வேறுபாடு என் பிள்ளைகளின் ஆங்கில நோட்டில் வந்து நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 'த்ரீ டைப்ஸ் ஆஃப் டீச்சர்ஸ்', 'டூ டைப்ஸ் ஆஃப் பாய்ஸ்' என்று எழுதுகிற அதே கை, அடுத்த வரியில் 'த்ரீ டைப்ஸ் ஆஃப் லீஃப்', 'ஃபோர் டைப்ஸ் ஆஃப் போட்' என்று எழுதும். கவனக்குறைவு என்று தோன்றும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஆளுக்குப் பன்மை, பொருளுக்கு ஒருமை என்று ஒழுங்காகப் பிரிந்திருக்கும். அந்தக் குழந்தை உயர்திணை அஃறிணை பாடத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதிலும் விசேஷம், இரண்டு வரியுமே ஆங்கிலத்தில் சரி. இந்த இடத்தில் தாய்மொழி ஆங்கிலத்துக்கு இடைஞ்சல் செய்யவில்லை, கைகொடுத்திருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த நோட்டுகளைத்தான் எடுத்துக் காட்ட விரும்புவேன்.

ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் இந்த மாநிலம் பெரிய சோதனைகளைக் கண்டது. 1950-களின் இறுதியில் தொடங்கிய 'மதராஸ் ஸ்னோபால்' திட்டம் ஆரம்ப வகுப்பு ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க எண்ணியது. ஒரு குழு பயிற்சி பெற்று அடுத்த குழுவுக்கு, அது அதற்கடுத்த குழுவுக்கு என்று போக வேண்டிய திட்டம். வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை அப்போது பரவியது. 'திஸ் இஸ் எ புக், தீஸ் ஆர் புக்ஸ்' என்று பலகையைத் தட்டித் தட்டி 'எஸ்' ஒலியை நாக்கில் ஏற்றினார்கள். அந்தப் பயிற்சியின் பலன் பெரிது, நான் படித்த ஆசிரியர்கள் அதில் வந்தவர்களே. ஆனால் பன்மை என்றாலே உடனே 'எஸ்' என்ற வேகமும் அதில்தான் கூடியது.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய சோதனை இதற்கு நேர் எதிர். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் அறிந்தாலும் அதில் மதராஸும் உண்டு, எங்களுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடலூரும் உண்டு. வகுப்பில் இலக்கணமே நடத்தாமல், கால அட்டவணை படிப்பது, வரைபடம் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகளைக் கொடுத்து, மனம் பொருளில் இருக்கும்போது அமைப்பு தானாக உள்ளே இறங்கும் என்று பார்த்தார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நான் பிரபு பக்கம். 'கைண்ட் ஆஃப்' பாடத்தைப் பலகையில் எழுதி நடத்துவதில்லை. மீன் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், சீலா, இறால் இரண்டு தரம், நண்டு இரண்டு தரம், கிலோ விலை. விருந்துக்கு வாங்க வந்த வெளியூர்க்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். ஒருத்தர் வாங்குபவர், ஒருத்தர் விற்பவர். 'ஹௌ மெனி கைண்ட்ஸ் ஆஃப் கிராப் டூ யூ ஹேவ்?' என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். சிலர் 'கிராப்ஸ்' என்பார்கள். இரண்டும் அங்கே புழங்கும், விற்பனை நடக்கும். 'வாட் கைண்ட் ஆஃப் ஃபிஷ் இஸ் திஸ்?' என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டும் என்று விளக்காமலே புரிந்துகொள்வார்கள். குப்பத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள், ஏனென்றால் வகை பிரிப்பது அவர்களுக்கு வீட்டு வேலை.

இந்தக் கேள்வி வடிவத்தை வளைகுடா நேர்காணலுக்குப் போகிற தம்பிகளோடு இன்னும் கொஞ்சம் நீட்டிப்பேன். 'வாட் கைண்ட் ஆஃப் டிரைவர் ஆர் யூ?' என்றால் கனரக வண்டியா, இலகுரக வண்டியா என்று கேட்கிறார்கள். நடுவில் ஓர் 'எ' நுழைந்து 'வாட் கைண்ட் ஆஃப் எ டிரைவர்' என்று வந்தால் பெரும்பாலும் குணத்தைக் கேட்கிறார்கள், கவனமானவனா, அவசரக்காரனா என்று. கறாரான விதி இல்லை இது, ஆனால் காதில் அந்த வித்தியாசம் உண்டு. முறைசார்ந்த எழுத்தில் அந்த 'எ' வேண்டாம் என்று புத்தகங்கள் சொல்லும். பேச்சில் அதைக் கேட்டுப் பிரித்தறியத் தெரிந்திருப்பது ஒரு தம்பிக்கு நேர்காணலில் உதவும். வகைச்சொல்லுக்குப் பின்னால் வரும் இந்தச் சின்ன இடத்தில் பன்மை, ஒருமை, 'எ' சேர்ந்த ஒருமை என்று மூன்று சாயல் இருப்பதை ஆங்கிலத்தின் அழகாகவே பார்க்கிறேன்.

கடைசியாக, இப்போது என்னை அதிகம் யோசிக்க வைப்பது தமிழ் நோட்டு. பிள்ளைகள் என்னிடம் கட்டுரை நோட்டையும் காட்டுவார்கள். 'எங்கள் ஊர் கடற்கரையில் பல வகையான மீன்கள் கிடைக்கின்றன. பல வகையான படகுகள் உள்ளன. பல வகையான மரங்கள் உள்ளன.' தவறு ஒன்றும் இல்லை, 'கள்' சேர்வதும் பழைய வழக்கே. ஆனால் வகை என்ற சொல்லுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தவறாமல் 'கள்' விழுவது புதிது. செய்தித்தாளிலும் மொழிபெயர்ப்பிலும் பாடநூலிலும் இது கூடிக்கொண்டே வருகிறது. ஆங்கில வகுப்பில் 'ஆஃப் வந்தா எஸ்' என்று சொல்லிக்கொடுத்த விதி, தமிழில் 'வகை வந்தால் கள்' என்று ஏறி உட்கார்ந்துகொண்டதோ என்று கவலையாக இருக்கிறது. நான் தமிழாசிரியர் அல்ல, அந்த நோட்டில் என் பேனா படக்கூடாது. ஆனாலும் உரக்க வாசிக்கச் சொல்வேன். வாசித்து முடித்ததும், "இதையே ஏலத்துல எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்பேன். "நாலு வகை மீன் இருக்கு, வேணுங்கிறத எடுத்துக்கன்னு" என்று உடனே சொல்வார்கள். சிலர் நோட்டை வாங்கி இரண்டு 'கள்'ளை அழிப்பார்கள். சிலர் டீச்சர் மார்க் குறைப்பார் என்று அப்படியே வைத்துக்கொள்வார்கள். நானும் வற்புறுத்துவதில்லை.